கல் பவளத்தின் பெயரைக் கடைச்சீட்டில் தேடாதீர்கள்

“கடையில் ‘டார்ச்’ என்று சொல்லி விற்ற கல் பவளம் உண்மையிலேயே டார்ச்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கி வந்ததிலிருந்து சுருங்கியே கிடக்கிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்ணக்கூடு கட்டி வாழும் இந்தக் கடல் விலங்கைப் பெயர் தெரியாமல் வாங்கி அவதிப்படுபவர்களை நிறையப் பார்த்துவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன். நீங்களும் இங்கோ மலேசியாவிலோ இருந்துகொண்டு, முறையாக இறக்குமதி செய்யும் கடையில் வாங்கியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் பக்கம் கடலில் இறங்கிவிட வேண்டாம். 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடற்கரையில் ஒதுங்கிய செத்த துண்டை எடுத்து வந்தாலும் வழக்குத்தான். பவளம் வளர்ப்பதே பாவம் என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடலில் இயற்கையாக வளரும் பவளத்தை வெட்டி எடுத்து விற்பதை நானும் எதிர்க்கிறேன். என் தொட்டியில் இருப்பவை எல்லாம் வளர்ப்புப் பவளத்திலிருந்து ஒடித்து ஒட்டிய துண்டுகள்.

முதலில் அடையாளம். நிறத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். விளக்கை மாற்றினாலும், நீரில் நைட்ரேட் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு: சதையிலிருந்து நீளும் உணர்நீட்சிகள், சதைக்கு அடியில் இருக்கும் சுண்ணக்கூடு. டார்ச்சோடு குழப்பிக்கொள்ளக்கூடிய கல் பவளங்கள் ஹாமர், ஃப்ராக்ஸ்பான் என்று கடைகளில் சொல்லப்படுபவை. டார்ச்சின் நீட்சி நீளமாக, கிளைக்காமல், நுனியில் ஒரே ஒரு உருண்டையோடு முடியும். ஹாமரின் நுனி சுத்தியல் தலை போலவோ நங்கூரம் போலவோ பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஃப்ராக்ஸ்பானில் ஒரு நீட்சியே பல சிறு கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழ் இருக்கும். ஹாமரையும் ஃப்ராக்ஸ்பானையும் வெறும் கூட்டை வைத்துப் பிரித்தறிவது ஏறக்குறைய முடியாத காரியம். உங்களுடையது சுருங்கிக் கிடக்கும்வரை கடைக்காரர் உட்பட யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“பெயரில் என்ன இருக்கிறது, நன்றாக வளர்ந்தால் போதாதா?” என்று என்னிடமே ஒரு கடைக்காரர் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஹாமரும் ஃப்ராக்ஸ்பானும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் சண்டையிடுவதில்லை. டார்ச்சை அவற்றின் பக்கத்தில் வைத்தால் கொட்டிப் புண்ணாக்கிவிடும். தொட்டிக்காரர்கள் நெடுநாளாகக் கண்டுவந்த இந்த வேறுபாட்டோடு ஒத்துப்போவதுபோல, 2017இல் வகைப்பாட்டு ஆய்வாளர்கள் ஹாமரையும் ஃப்ராக்ஸ்பானையும் ஃபிம்ப்ரியாஃபில்லியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டு, டார்ச்சை மட்டும் பழைய யூஃபில்லியாவிலேயே விட்டுவைத்தார்கள். ஆக, பெயர் தெரியாமல் பவளத்துக்கு இடம் ஒதுக்க முடியாது.

அந்தக் கடையில் நான் வாங்கியதன் சீட்டில் ‘கோனியோபோரா’ என்று எழுதியிருந்தது. நீண்ட தண்டும் நுனியில் பூப்போன்ற வட்டமும் கொண்ட பாலிப்புகள் (பவளத்தின் தனித்தனி சிறு உயிர்கள்), பார்வைக்கு அப்படித்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து அது முழுதாக விரிந்த பிறகு, நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டு, வெள்ளை விளக்கில் கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து ஒரு பாலிப்பைப் படமெடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி நானும் என் மகளும் தனித்தனியாக எண்ணினோம். இருவருக்கும் பன்னிரண்டுதான் வந்தது. கோனியோபோரா என்றால் ஒரு பாலிப்புக்கு 24 நீட்சிகள் இருக்க வேண்டும். 12 இருந்தால் அது அல்வியோபோரா. இன்றைய வகைப்பாட்டில் அல்வியோபோரா சேர்வது கோனியோபோராவின் குடும்பத்தில்கூட அல்ல, அக்ரோபோராவின் குடும்பத்தில். படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது கிடைத்த பதில்தான் மேலே சொன்ன “பெயரில் என்ன இருக்கிறது”. விலங்கை விற்பவர் அதன் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

எண்ணிப் பார்ப்பது வேறு வகையிலும் உதவும். எட்டு நீட்சிகள், ஒவ்வொன்றிலும் இறகு போன்ற சிறு பிசிர்கள் என்றிருந்தால் அது கல் பவளமே அல்ல. கூடு கெட்டியாக இருந்தாலும் அப்படித்தான்: நீலப் பவளமும் சிவப்புக் குழல்களாக வளரும் ஆர்கன் பைப்பும் மென்பவளங்களின் உறவுகள். கிளைவிடும் வகைகளில், கிளை நுனியில் தனியாக ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தால் அக்ரோபோரா. நுனிக்குழல் இல்லாமல் ஊசித்துளை அளவே உள்ள பாலிப்புகள் பரவியிருந்தால் பெரும்பாலும் மான்டிபோரா. அதற்கு மேல் இனப்பெயர் வரை போக ஆசைப்படாதீர்கள். ஒரே பவளம் வெளிச்சத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வெவ்வேறு உருவில் வளரும் என்பதால், தொட்டிப் பவளத்துக்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

இனி சுருங்கிக் கிடப்பதற்கு வருகிறேன். கேட்ட உடனே “விளக்கைக் குறையுங்கள்”, “தீனி போடுங்கள்” என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் ஹாமர் ஒருமுறை இப்படிச் சுருங்கி, சதை விலகி, கூட்டின் கூரிய விளிம்புகள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோது எனக்கும் அவைதான் சொல்லப்பட்டன. நான் இரண்டையும் செய்யாமல், தினமும் ஒரே நேரத்தில் கேஹெச் அளவை, அதாவது நீரின் காரத்தன்மையை, சோதித்து எழுதிவந்தேன். எட்டுக்கு மேல் இருந்தது படிப்படியாக ஆறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கால்சியம் ஏறக்குறைய அப்படியே 420 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 420 பங்கு) நின்றது. பக்கத்தில் இருந்த தட்டுபோல வளரும் மான்டிபோரா நன்றாக அகன்று, கூடு கட்டுவதற்கு வேண்டியதை நீரிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இந்தக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. பவளம் கூடு கட்டும்போது காரத்தன்மை ஒரு டிகேஹெச் (கேஹெச்சை அளக்கும் அலகு) குறைந்தால், கால்சியம் ஏழு பிபிஎம் அளவுக்குத்தான் குறையும். இரண்டு டிகேஹெச் இறங்கிப் பவளம் திணறும்போதுகூடக் கால்சியம் பதினான்கு பிபிஎம்தான் இறங்கியிருக்கும். வீட்டுச் சோதனைப் பெட்டியில் அது பிழை அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடையாதீர்கள். கேஹெச் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் எங்கிருந்தாலும் சரி, அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் ஒரே நாளில் தூக்கிவிடாமல், நாளுக்கு அரை டிகேஹெச் வீதம் ஏற்றுங்கள். நான் அப்படித்தான் ஏற்றினேன், சதை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு டிகேஹெச் வரை ஏற்றலாம் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), மக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம், வெப்பம் 25 அல்லது 26 டிகிரி. நம் ஊர் வெயிலுக்குச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓடிஐ நீரை (வடிகட்டித் தாதுக்கள் நீக்கிய தூய நீரை) மட்டும் ஊற்றுங்கள். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி கலந்திருப்பதால் அதை நேரடியாக ஊற்றக்கூடாது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரிக்கும் ஒற்றைச்செல் பாசிக்கும் அவை வேண்டும். நீரோட்டம் நீட்சிகளை அசைக்கும் அளவுக்குப் போதும். பம்பு நேராக முகத்தில் அடித்தால், கூட்டின் விளிம்பிலேயே உராய்ந்து சதை கிழிந்துவிடும்.

சுருக்கத்தோடு பழுப்பு நிறத்தில் கூழ்போல ஏதாவது வழிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது பவளத்தின் ஒரு தலையிலிருந்து (ஒரு கிளை நுனிச் சதையிலிருந்து) அடுத்த தலைக்கு வேகமாகப் பரவும் நோய். கூழைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட தலையை வெட்டி அகற்றி, மீதியைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நான்கைந்து நாள் கேஹெச் அளவுகளையும், பவளத்தை வெள்ளை விளக்கில் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். நீல விளக்கில் எடுத்த படம் வேண்டாம்; அதில் எல்லாப் பவளமும் அழகாகத்தான் தெரியும், நுனியின் வடிவமோ சதை விலகிய இடமோ தெரியாது.