சவுக்குக் கிளையா, பிளாஸ்டிக் மரமா, தொட்டிச் செடியா?

கேள்வி: இந்த ஆண்டுதான் தாம்பரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். ஊரில் இருந்தவரை கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளை வெட்டிவந்து ஜோடிப்போம். இப்போதும் அதுதான் வேண்டும் என்கிறார் மாமியார். பிள்ளைகளுக்கு ஆறடி பிளாஸ்டிக் மரத்தின் மேல் ஆசை. மரத்தை வெட்டுவது தப்பு, நர்சரியில் தொட்டியோடு விற்கும் கிறிஸ்துமஸ் மரத்தை வாங்கலாம் என்கிறார் என் கணவர். கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி உண்டு. இளைய மகனுக்கு வீசிங் தொந்தரவும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: உங்கள் வீட்டுக்கு இந்த ஆண்டு சவுக்குக் கிளைதான் சரி. பால்கனியில் காலை வெயில் நன்றாக விழுந்தால், ஒரு தொட்டிச் செடியையும் இப்போதே வாங்கி வளர்க்கத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் மரத்தை நான் கடைசியாகத்தான் வைப்பேன்.

உங்கள் கணவரின் தயக்கம் நல்ல மனதிலிருந்து வருவது. ஆனால் சவுக்கு நம் ஊரில் ஒரு பயிர். கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்பு, மணிலா (நிலக்கடலை) வயல்களுக்குப் பக்கத்திலேயே ஏக்கர் கணக்கில் சவுக்கு நிற்கும். நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். கழிகள் பந்தலுக்கும் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகும், மிலாறு எனும் சிறு சுள்ளிகள் அடுப்புக்குப் போகும். உங்கள் வீட்டுக்கு வருவது அந்த அறுவடையில் மிஞ்சும் நுனிக் கொம்பு. அதற்காக யாரும் தனியாக ஒரு மரத்தைச் சாய்ப்பதில்லை. குளிர் நாடுகளில் விற்கும் ஊசியிலை மரங்களும் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தவைதான்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் புயல் காற்றைத் தடுக்க வளர்த்திருக்கும் சவுக்குத் தோப்பிலிருந்து வெட்டிய கிளை வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நட்டவையும் அதில் உண்டு. அவை கரையோர மக்களுக்குப் பாதுகாப்பு. விறகுக் கடையிலோ தோப்புக்காரரிடமோ சொல்லிவைத்து வாங்குவது நல்லது.

வெட்டிய சவுக்கு ஒரு வாரம் பசுமையாக நின்றாலே பெரிய விஷயம். டிசம்பர் முதல் தேதியே வாங்கினால் பண்டிகை அன்று பழுப்பாகிவிடும். 21, 22 தேதிவாக்கில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியில் ஓர் அங்குலம் புதிதாக வெட்டிவிட்டு, பக்கெட்டில் மணல் நிரப்பி நட்டு, சுற்றிலும் செங்கல் முட்டுக் கொடுங்கள். மணல் ஈரமாக இருந்தால் போதும். வெறும் தண்ணீரில் நிறுத்தினால் கொசு முட்டையிடும், அதுவும் நம் ஊரில் டிசம்பர் டெங்கு காலம்.

மகனின் வீசிங்குக்காக ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். சவுக்கு மகரந்தம் சிலருக்கு மூச்சுத் தொந்தரவைக் கிளப்பும். கொம்பின் நுனிகளில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கதிர் போல இருந்தால் அது ஆண் பூ. அப்படிப் பூத்த கிளையைத் தவிர்த்துவிடுங்கள். பூவில்லாத கிளையையும் மொட்டை மாடியில் நன்றாக உதறி, தண்ணீர் விட்டு அலசி, ஈரம் வடிந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். எறும்பும் போய்விடும். அப்படியும் அவன் இருமினால் மரத்தைப் பால்கனிக்கு மாற்றுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்தது சீரியல் லைட். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல செட்டுகள் நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடுபவை. வயரில் சின்ன வெடிப்பு இருந்தால் ஈர மணல் பக்கெட் ஆபத்து. பிளாஸ்டிக் மரத்தில் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதன் நடுத்தண்டும் கிளைக் கம்பிகளும் இரும்பு. எங்காவது வயர் உரசினால் மரம் முழுவதும் ஷாக் அடிக்கும். அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் எல்இடி செட்டை வாங்குங்கள், தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். மெழுகுவர்த்தியைக் குடிலிலும் வேண்டாம், மரத்தடியிலும் வேண்டாம். காய்ந்த சவுக்கு எவ்வளவு வேகமாக எரியும் என்று உங்கள் மாமியாருக்கே தெரியும். தொட்டால் உதிர ஆரம்பித்த அன்றே கிளையை எடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் மரம் பெரும்பாலும் பிவிசி தாளை நறுக்கிச் செய்வது. ஏறக்குறைய ஆறரை அடி உயரமுள்ள ஒரு செயற்கை மரத்தால் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயு வெளியாகிறது என்பது பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பின் கணக்கு. அதே உயர நிஜ மரம் குப்பைமேட்டில் மக்கினால் 16 கிலோ, எரித்தால் மூன்றரை கிலோ. இது அவர்கள் ஊர்ப் பண்ணை மரத்துக்கான கணக்கு, சவுக்குக் கிளைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்று தெளிவு: பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாவது எடுத்து எடுத்து வைத்தால்தான் நியாயமாகும்.

நம் ஊரில் அத்தனை ஆண்டு தாங்குவது எளிதல்ல. லாஃப்டில் மே மாத வெக்கையில் இலை படிந்து தட்டையாகிவிடும், ஈரக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பதினோரு மாதத் தூசியோடும் கரப்பான் எச்சத்தோடும் அது ஹாலுக்கு வந்தால் உங்கள் மகனுக்குத்தான் கஷ்டம். பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தால் ஆறடி வேண்டாம், மேசை மேல் வைக்கும் அளவில் ஒன்று வாங்குங்கள். எடுத்து வைக்கும்போது பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டுங்கள். அடுத்த ஆண்டு வெளியே வைத்து ஈரத்துணியால் துடைத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

இனி தொட்டி. நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது பெரும்பாலும் அரக்கேரியா. பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவு, நியூ கலிடோனியா பக்கத்து மரம். சூட்டையும் கடல் காற்றையும் தாங்கும். எலுமிச்சை மணத்தோடு மஞ்சள் பச்சையாக இருக்கும் சைப்ரஸையும் அதே பெயரில் விற்பார்கள். அது குளிர் கேட்கும் செடி, சென்னைக் கோடையைத் தாண்டுவது சிரமம், அதை வாங்காதீர்கள்.

அரக்கேரியாவில் தண்டு நடுவில் நேராக ஓடி, நுனிக் குருத்து உடையாமல் இருக்க வேண்டும். கிளைகள் வட்ட வட்டமாக அடுக்கடுக்காக வந்திருக்க வேண்டும். நுனி ஒடிந்தால் பழைய வடிவம் திரும்புவது கடினம். கீழ் அடுக்கு உதிர்ந்தாலும் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. அடர்த்தியாகத் தெரிய மூன்று நான்கு கன்றுகளை ஒரே பையில் வைத்திருப்பார்கள், அடியைத் தடவிப் பார்த்து ஒற்றைத் தண்டாக எடுங்கள். இது வெயில் மரம். ஆண்டு முழுவதும் பால்கனியில் இருக்கட்டும். மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் மட்டும் ஜன்னலோரம் கொண்டுவரலாம், ஏசி காற்று நேராகப் படக் கூடாது. கிளைகள் மெலிந்தவை, காகித நட்சத்திரம் அளவுக்குத்தான் தாங்கும். திரும்ப வெளியே வைக்கும்போது ஒரு வாரம் நிழலில் பழக்கிவிட்டு வெயிலுக்கு மாற்றுங்கள்.

பண்டிகை முடிந்ததும் சவுக்குக் கிளையிலிருந்து ஜிகினா, நூல், கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உதிர்ந்ததைத் தொட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பலாம், தடித்த கொம்பை விறகடுப்பு வைத்திருப்பவர்களிடம் கொடுக்கலாம்.

அரக்கேரியா சில ஆண்டுகளில் பால்கனிக்கு அடங்காது. அப்போது ஊரில் நடுவதானால் வீட்டை ஒட்டி நடாதீர்கள், மாடிகளைத் தாண்டி வளரும் மரம் அது. இதில் ஒரு வகை பூமியின் வட பாதியில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து வளர்வதை 2017-இல் ஆய்வாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். கன்றில் எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. அதனால், சாய்ந்தாலும் வீட்டின் மேல் வராதபடி வீட்டுக்குத் தெற்குப் பக்கமாக, பத்து மீட்டராவது தள்ளி, மின்கம்பி இல்லாத இடத்தில் குழி எடுங்கள்.