ஊரே நகருது, சரி... பில்லு யாருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஸ்வீடனோட வடக்கு மூலையில இருக்கற கிருனாங்கற சுரங்க ஊரை, தோண்டத் தோண்ட நிலம் சரியறதால வேற இடத்துக்கு நகர்த்தறது பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. இந்த தடவை முழுக்க கிருனாதான், கிரிக்கெட் கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், ஒரு பெரிய சர்ச் கட்டடத்தை அப்படியே சக்கரத்துல ஏத்தி ரோட்ல கொண்டு போறாங்களே, அந்த வீடியோ ஏஐ தானே?
- கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இல்ல தம்பி, நிஜம்தான். 2025 ஆகஸ்ட் 19, 20 ரெண்டு நாள்ல நடந்தது. 1912-ல கட்டி முடிச்ச மரச் சர்ச், எடை 672 டன், அகலம் 40 மீட்டர். அஞ்சு கிலோமீட்டர் போகணும், ஆனா மணிக்கு அரை கிலோமீட்டர்தான் வேகம், நடந்து போற கிழவர் கூட முந்திட்டு போயிருவாரு. 9 மீட்டர் ரோட்டை 24 மீட்டருக்கு அகலப்படுத்தி, உள்ள இருந்த ஆர்கன் குழாயெல்லாம் சுத்தி கட்டி, பலிபீடத்துக்கு பின்னாடி இருக்கற ஓவியத்தையும் (அது இளவரசர் யூஜென் வரைஞ்சது, சிலுவை கிலுவை எதுவும் இல்லாம வெறும் இயற்கைக் காட்சி) பத்திரமா மூடி, அப்படியே உள்ள வச்சுத்தான் கொண்டு போனாங்க. அரசர் நேர்ல வந்தாரு, டிவியில நேரலை ஓடுச்சு. செலவு சுமார் 50 கோடி க்ரோனா (ஸ்வீடன் நாட்டுக் காசு), கொடுத்தது சுரங்கக் கம்பெனி.

கேள்வி: அவ்ளோ கஷ்டப்பட்டு ஏன் நகர்த்தணும்? சுரங்கத்தை வேற பக்கமா தோண்ட வேண்டியதுதானே?
- குடும்பத்தலைவி ஒருவர்

பதில்: எல்லாரும் கேக்கற கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

தாது இருக்கற இடத்துலதான் தோண்ட முடியும், இங்க அது இருக்கற விதம்தான் வம்பு. கீருனவாரா மலைக்கு அடியில இரும்புத்தாது ஒரே பாளமா கிடக்கு, நீளம் சுமார் 4 கிலோமீட்டர், தடிமன் சராசரியா 80 மீட்டர், செங்குத்தா இறங்காம சுமார் 60 டிகிரி சாய்ஞ்சு இறங்குது. சாயற திசை கிழக்கு, ஊர் இருக்கறதும் கிழக்கு. சுவத்துல சாய்ச்சு வச்ச பலகை மேல மண்ணை கொட்டி வச்சிருக்கற மாதிரி நினைச்சுக்கோங்க, பலகையை உருவ உருவ மேல இருக்கற மண்ணு சரியத்தானே செய்யும்.

1960-கள் வரைக்கும் மேலாப்புல திறந்தவெளியா வெட்டினாங்க, அப்புறம் முழுக்க நிலத்தடிதான். முறை என்னன்னா, தாதுக்குள்ள அடுக்கடுக்கா குகைப்பாதை போட்டு, கீழ இருந்து மேல் நோக்கி துளை போட்டு, வெடி வச்சு தாதுவை விழ வைக்கறது, விழுந்ததை அள்ளிட்டா காலியான இடத்துல மேல இருக்கற வெறும்பாறை தானா இடிஞ்சு ரொம்பிக்கும். அதாவது சரிவுங்கறது ஏதோ விபத்து இல்ல, அந்த முறையே பாறை இடியறதை நம்பித்தான் இருக்கு. இப்ப தாதுவை அள்ளிட்டு போற முக்கிய மட்டம் 1,365 மீட்டர் ஆழத்துல. ஆழமா போகப் போக சரிவோட விளிம்பு மேல தரையில ஊர் பக்கமா ஊர்ந்து வருது. தினமும் ராத்திரி ஒண்ணே கால், ஒண்ணரை வாக்குல வெடி வைப்பாங்க, ஊர்ல படுத்திருக்கறவங்களுக்கு கட்டில்ல லேசா ஒரு அதிர்வு தெரியும், பழகினவங்க புரண்டு படுத்துட்டு தூங்கிருவாங்க. ஆனா 2020 மே 18 விடியக்காலை வந்தது அந்த ரகம் இல்ல, 4.9 அளவு, ஸ்வீடன்ல சுரங்க வேலையால வந்த நில அதிர்ச்சியிலேயே அதுதான் பெருசு. யாருக்கும் அடி படல, ஆனா கம்பெனியோட உற்பத்திக் கணக்கையே அது புரட்டிப் போட்டுருச்சு.

கம்பெனி 2004-ல முனிசிபாலிட்டிகிட்ட விஷயத்தை சொல்லிருச்சு, நாங்க இன்னும் கீழ போகப் போறோம், ஊரு நகரணும்னு. புது ஊர் மையம் பழைய இடத்துல இருந்து சுமார் 3 கிலோமீட்டர் கிழக்க, 2022 செப்டம்பர்ல திறந்தாங்க. பழைய பக்கத்துல காலியான தெருவை எல்லாம் பார்க் மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க, அப்புறம் கொஞ்ச கொஞ்சமா சுரங்க வேலி அதையும் முழுங்கிட்டு முன்னேறும்.

கேள்வி: வீட்டை இழக்கறவங்களுக்கு என்ன குடுக்கறாங்க?
- வங்கி ஊழியர்

பதில்: சொந்த வீடுன்னா ரெண்டுல ஒண்ணு. மார்க்கெட் விலை, அது மேல 25 சதவீதம், வாங்கிட்டு போயிரலாம். இல்ல, பதிலுக்கு புது வீடு. கேக்க தாராளமாத்தான் இருக்கு. ஆனா வாடகை வீட்ல இருக்கறவங்க கதை வேற, புது பில்டிங், புது வாடகை, ஜாஸ்தி. கடைக்காரங்களுக்கும் அதே வாடகைப் பிரச்சனை. பழைய டவுன்ல நாலு தலைமுறையா இருந்த குடும்பத்துக்கு 25 சதவீதம்ங்கறது எதுக்கான விலைன்னு எனக்கு புரியல, இருந்தாலும் உலகத்துல நிறைய சுரங்க ஊர்ல அது கூட கிடைக்கறதில்லங்கறதையும் சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: கம்பெனி யாருது? முனிசிபாலிட்டிக்கு பேச உரிமை இருக்கா, இல்ல தலையாட்டற வேலை மட்டும்தானா?
- ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர்

பதில்: ஐயா, சரியான இடத்துல கைய வச்சிட்டீங்க.

கம்பெனி பேரு எல்கேஏபி, 1890-ல ஆரம்பிச்சது, இன்னிக்கு முழுக்க ஸ்வீடன் அரசாங்கத்தோடது. ஐரோப்பிய ஒன்றியத்துல வெட்டற இரும்புத்தாதுல சுமார் 80 சதவீதம் இவங்க கைதான். ஊரை உருவாக்கினதும் இவங்கதான், 1900 வாக்குல கிருனாவுல கம்பெனியோட முதல் மேலாளரா இருந்த யால்மர் லுண்ட்பூம்ங்கற புவியியலாளர் முன்ன நின்னு கட்ட வச்சது. ஆக கம்பெனி அப்பன், ஊர் பிள்ளை, அந்த உறவு இன்னும் மாறல.

இப்ப பணம் எப்படி ஓடுதுன்னு பாருங்க. ஸ்வீடன்ல கம்பெனி லாபத்து மேல போடற வரி மொத்தமும் மத்திய அரசுக்கு. லாபப் பங்கும் முதலாளிங்கற முறையில அதே அரசுக்கு. முனிசிபாலிட்டிக்கு வர்றது அங்க குடியிருப்பு பதிவு பண்ணின ஆளுங்களோட சம்பளத்துல இருந்து போற வருமான வரி. தெற்க இருந்து ஃப்ளைட்ல வந்து ஷிப்ட் பார்த்துட்டு திரும்பிப் போறவனோட வரி அவன் ஊருக்கு போயிரும், ஆனா அவன் நடக்கற ரோட்டுல பனி தள்றது கிருனா. ஸ்கூல், முதியோர் பராமரிப்பு, தண்ணி, சாக்கடை எல்லாம் முனிசிபாலிட்டி பொறுப்பு, பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், ஜனம் சுமார் 22,000, அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆளு. இதுல சுரங்கத்துல நல்ல சம்பளம் குடுக்கறதால முதியோர் இல்லத்துக்கும் ஸ்கூலுக்கும் ஆள் பிடிக்கறதே பெரும்பாடு.

கையில ஒண்ணுமே இல்லையான்னா, ஒரு துருப்புச்சீட்டு இருக்கு. எந்த நிலத்துல என்ன வரலாம்னு நகரத் திட்டம் போடற அதிகாரம் ஸ்வீடன்ல முனிசிபாலிட்டிக்கு மட்டும்தான். வீட்டுமனைன்னு இருக்கற தெருவை சுரங்கப் பகுதின்னு மாத்தி தீர்மானம் போட்டாத்தான் கம்பெனி அங்க கை வைக்க முடியும். அந்த பிடியை வச்சுத்தான் பேரம் நடக்குது, 2014-ல சுமார் 370 கோடி க்ரோனாவுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. ஆனா ரொம்ப இழுத்துப் பிடிச்சா சுரங்கம் தடுமாறும், சுரங்கம் தடுமாறினா வேலை போகும், வேலை போனா ஓட்டும் போகும். 2018-ல சமூக ஜனநாயகக் கட்சி அங்க ஆட்சிய விட்டு இறங்கி சென்டர் கட்சி குன்னர் செல்பெரி தலைமைக்கு வந்தாரு, 2022-ல சமூக ஜனநாயகக் கட்சியோட மாட்ஸ் தாவெனிகுங்கறவர் வந்தாரு. கட்சி எதுவா இருந்தாலும் ஸ்டாக்ஹோம் பார்த்து பேசற வசனம் ஒண்ணுதான், எங்க மண்ணுல இருந்து எடுக்கறீங்களே, கொஞ்சம் திருப்பிக் குடுங்கன்னு.

கேள்வி: சர்ச் ஒண்ணை மட்டும் காப்பாத்தினாங்களா, மத்த பழைய கட்டடம்?
- கட்டடக் கலை மாணவி

பதில்: லுண்ட்பூம் இருந்த வீட்டை நகர்த்தினாங்க, இன்னும் சில மர வீடுகளையும். பெரிய இழப்பு பழைய நகராட்சி கட்டடம்மா. ஆர்ட்டூர் வான் ஷ்மாலென்ஸேங்கற கட்டடக் கலைஞர் வடிவமைச்சது, 1964-ல ஸ்வீடனோட பெரிய கட்டடக்கலை விருது வாங்கினது, ஊர் ஜனம் அதை கிருனாவோட வரவேற்பறைன்னு சொல்லுவாங்க, வெளிய குளிர் வெளுத்து வாங்கும்போது உள்ள பெரிய ஹால்ல சும்மா வந்து உக்காரலாம். பாதுகாக்கப்பட்ட சின்னம்னு இருந்த பட்டியல்ல இருந்தே அதை எடுத்துட்டு இடிச்சாங்க. மிச்சம் அந்த இரும்பு மணிக்கூண்டு மட்டும், இப்ப புது நகராட்சி கட்டடத்துக்கு முன்னாடி நிக்குது. சர்ச் ஊர்வலத்துக்கு கேமரா வந்த மாதிரி இதுக்கும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

கேள்வி: புது ஊர்ல குளிர் அதிகமாமே?
- ஒரு வாசகர்

பதில்: ஆமா, அதுலயும் நியாயம் இருக்கு. பழைய ஊர் மலைச்சரிவுல, தெருவெல்லாம் நேரா இல்லாம வளைவு வளைவா, காத்து நேரா அடிக்காத மாதிரி பெர் ஊலோஃப் ஹால்மன்ங்கற நகரத் திட்ட நிபுணர் போட்ட பிளான். புது மையம் தாழ்வான இடம், குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால சரிவுல வழிஞ்சு வந்து அங்கதான் தேங்கும். கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்களும் குளிர்காலத்துல புது இடம் நல்லாவே ஜாஸ்தி குளிரும்னு சொல்லிட்டாங்க. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்க சுமார் 145 கிலோமீட்டர்ல இருக்கற ஊருக்கு இது தேவையா!

கேள்வி: தொழிலாளர்கள் போராட்டம் எதுவும் நடந்ததுண்டா?
- தொழிற்சங்கத் தோழர்

பதில்: நடந்துச்சே தோழர், ஸ்வீடனையே உலுக்கினது. 1969 டிசம்பர் 9, பக்கத்து ஸ்வப்பவாராவுல சில பேர் வேலை செய்யாம உக்காந்தாங்க, கிருனா, மால்ம்பேரியெட்னு பரவி கிட்டத்தட்ட 5,000 பேர் வேலைநிறுத்தம். பீஸ் ரேட் (செஞ்ச வேலை அளவுக்கு மட்டும் கூலி) வேணாம், மாசச் சம்பளம் வேணும், எங்களை மனுஷனா நடத்துன்னு கேட்டாங்க. வேடிக்கை என்னன்னா சங்கம் அனுமதி குடுக்கல, முதலாளி அரசாங்கம், அரசாங்கத்துல இருந்தது தொழிலாளர் ஓட்டுல வந்த சமூக ஜனநாயகக் கட்சி, ஊலோஃப் பால்மே பிரதமராகி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. 1970 பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும் இழுத்துச்சு. மாசச் சம்பளம் கிடைச்சது, தொழிலாளிகிட்ட கலந்து பேசித்தான் முடிவு எடுக்கணும்ங்கற 1976 சட்டத்துக்கும் இது ஒரு தூண்டுகோல்.

கேள்வி: அங்க ஏதோ அரிய உலோகம் கிடைச்சிருக்காம், ஐரோப்பாவுக்கே விடிவுகாலமாம், உண்மையா?
- ஷேர் மார்க்கெட் ஆர்வலர்

பதில்: உடனே எந்த ஷேரும் வாங்கிராதீங்க, கம்பெனி அரசாங்கத்துது. 2023 ஜனவரியில, கிருனா பக்கத்துல பெர் யேய்யர்ங்கற தாதுப் படிவுல 10 லட்சம் டன்னுக்கு மேல அரிய மண் ஆக்சைடு இருக்குன்னு எல்கேஏபி அறிவிச்சது. மின்சாரக் கார், காத்தாலைக்கு காந்தம் செய்யற நியோடிமியம் மாதிரி சமாச்சாரம். ஆனா தோண்டி மார்க்கெட்டுக்கு வர 10, 15 வருஷம் ஆகும்னு அப்பவே சொல்லிட்டாங்க.

இதுல யாரும் தலைப்புல போடாத ஒரு ஆளு இருக்காரு, கலைமான் மேய்க்கற சாமி பழங்குடிக்காரர். ஊர் வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே அங்க இருக்கறவங்க. கோடையில மலைப்பக்கம், குளிர்ல காட்டுப்பக்கம்னு மந்தை இடம் மாறணும், அந்த வழி ஏற்கனவே சுரங்கம், ரயில், ரோடு, புது ஊர்னு நெருக்கி ஒரு சின்ன சந்தாத்தான் இருக்கு. புது சுரங்கம் வந்தா அதையும் அடைச்சிரும்னு காப்னா மேய்ச்சல் சமூகம் சொல்லுது. லாரியில ஏத்திட்டு போகக் கூடாதான்னு கேக்கறாங்க சில பேர், மேய்ஞ்சுகிட்டே நடக்கறதுதான் அதுக்கு சாப்பாடுன்னு அவங்களுக்கு தெரியல. சாமி நாடாளுமன்றம் 1993-ல இருந்து இதே கிருனாவுலதான் இயங்குது, கருத்து சொல்லலாம், சுரங்கத்தை நிறுத்தற அதிகாரம் கிடையாது. 2025 மார்ச்ல ஐரோப்பிய ஒன்றியம் இந்த பெர் யேய்யர் தாதுப் படிவை முக்கியத் திட்டம்னு அறிவிச்சிருச்சு, ஆக அழுத்தம் இப்ப பிரஸ்ஸல்ஸ்ல இருந்தும் வருது.

கேள்வி: அப்ப நகர்த்தற வேலை முடிஞ்சிருச்சா?
- மறுபடி அதே வருவாய்த்துறை ஐயா

பதில்: முடியறதாவது! சர்ச் போய் சேந்த கொஞ்ச நாள்லயே, அதே ஆகஸ்ட் கடைசியில கம்பெனி இன்னொரு அறிவிப்பு விட்டுச்சு, 2035-க்குள்ள மேலும் 2,700 வீடு, 6,000 பேர் நகரணும்னு. சுரங்கத்தை மூடுன்னு ஊருக்குள்ள பெருசா குரல் இல்ல, மூடினா ஊரே எதுக்குங்கற நிலைமை. கேக்கறது, எங்க போறது, யார் கட்டறதுன்னுதான். 20,000 சதுர கிலோமீட்டர் இருக்கே, இடத்துக்கா பஞ்சம்னு தோணும், ஆனா அதுல பெரும்பகுதி அரசு நிலம், அது போக மேய்ச்சல், ராணுவம், தாது, இயற்கைன்னு ஒவ்வொண்ணுக்கும் தேசிய முக்கியத்துவம்னு முத்திரை குத்தி வச்சிருக்கு. நகரச் சொல்றதும் அரசாங்கக் கம்பெனி, நிலத்தை விடுவிக்க வேண்டியதும் அரசாங்கம், அதனால முனிசிபாலிட்டி இப்ப முதல்ல கேக்கறது பணத்தைக் கூட இல்ல, வீடு கட்ட மனை.