காப்பகக் கோப்புகளை மொத்தமாக வரவழைக்கலாமா?

கேள்வி: எங்கள் நில அளவை அலுவலகத்தின் கோப்பு சர்வரில், நெடுநாள் யாரும் திறக்காத வரைபடங்களைக் காப்பக மென்பொருள் வேறொரு சேமிப்புக்கு நகர்த்திவிட்டு, அதே பெயரில் ஓர் அடையாளக் கோப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களின் பழைய வரைபடங்கள் அனைத்தும் இப்போது தேவைப்பட்டதால், அவற்றைத் திரும்ப வரவழைக்க, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி இரவில் ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பி சர்வர் முடங்கிக் கிடந்தது. எங்கே தவறினேன்?
— வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: முதலில் ஓர் எச்சரிக்கை. இடம் வேண்டும் என்பதற்காக எந்தக் கோப்பையும் கையால் அழித்துவிடாதீர்கள். சில மென்பொருள்களில் அடையாளக் கோப்பை அழித்தால் காப்பகத்தில் உள்ள மூலமும் சேர்ந்தே போய்விடும். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, வந்த கோப்புகளைக் காப்பக மென்பொருளைக் கொண்டே திருப்பி அனுப்புங்கள்.

இடத்தை அளக்காமல் இறங்கியதுதான் தவறு. ஒரு வரைபடத்தின் 'பண்புகள்' பெட்டியைத் திறந்து பாருங்கள்: அளவு 40 எம்பி என்றும், டிஸ்கில் பிடிக்கும் இடம் 4 கேபி என்றும் இருக்கலாம். அப்படிப் பத்தாயிரம் கோப்புகள் டிஸ்கில் பிடித்திருப்பது சுமார் 40 எம்பிதான். அத்தனையையும் வரவழைத்தால் 400 ஜிபி வேண்டும். ஆகவே முதல் ஸ்கிரிப்ட் எதையும் திறக்கக் கூடாது. மூலம் வேறிடத்தில் இருப்பதைக் காட்டும் 'ஆஃப்லைன்' என்ற குறி உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றின் முழு அளவைக் கூட்டிச் சொன்னால் போதும்; குறியை மட்டும் பார்ப்பதால் கோப்பு திரும்பி வராது, உள்ளடக்கத்தைப் படிக்கும்போதுதான் வரும்.

இரண்டாவது ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் காலியிடத்தைச் சரிபார்த்து, அது டிஸ்கின் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் தானாக நின்றுவிட வேண்டும். பல மென்பொருள்களில் ஒரு பைட் படித்தாலே முழுக் கோப்பும் வந்துவிடும். சில, கேட்ட பகுதியை மட்டும் தருவதால், இறுதிவரை படிக்கச் செய்வதே நல்லது. மூலம் டேப்பில் (காந்த நாடாவில்) இருந்தால், ஒரே டேப்பில் உள்ளவற்றை அடுத்தடுத்து வரவழையுங்கள். இல்லையேல் டேப்பை மாற்றுவதிலேயே இரவு கழிந்துவிடும். மென்பொருளிலேயே மொத்தமாக வரவழைக்கும் கட்டளை இருந்தால், அதுவே என் முதல் தேர்வு.

வரவழைத்த கோப்பின் திருத்தத் தேதி பழையதாகவே இருப்பதால், அதை வைத்து முடிவெடுக்கும் காப்பக விதி அன்றிரவே அதைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அந்த ஃபோல்டருக்கு முன்கூட்டியே விலக்கு அளியுங்கள்.

வராமல் தங்கியவற்றைத் தனிப் பதிவில் எழுதவையுங்கள். பெரும்பாலும் பாதையின், அதாவது ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழு முகவரியின், நீளமே காரணமாக இருக்கும். விண்டோஸின் வழக்கமான வரம்பு 260 எழுத்துகள். 'கன்னடியன் கால்வாய்' என்று தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தால், 'கால்வாய்' நம் கண்ணுக்கு நான்கெழுத்து. துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது எட்டு. அத்தகைய பாதைகளைச் சுருக்கிவிட்டு, அவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.