பிள்ளைகளே சொல்லட்டும்: கேள்வி பதில்

பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எப்படி எடைபோடுகிறார்கள் என்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆய்வுக்கான கேள்விகள் கேட்பது என் வேலை. டாக்டர் இல்லை.

அக்கா, எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தா நல்லா இருக்கேன்னும், கொடுக்கலைன்னா இல்லைன்னும் சொல்லும். (ஈரோட்டு அம்மா)

ஐஸ்கிரீம் அன்றைய மனநிலை. வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது வேறு கேள்வி. எட்டு வயதில் அதற்கும் பதில் வரும். அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் ஹியூப்னர் 1991-ல் இதற்கென்றே ஏழு வாக்கியங்களில் ஒரு அளவுகோல் வெளியிட்டார். 'என் வாழ்க்கை நல்லா போகுது' என்கிற மாதிரி நேரான வாக்கியங்களோடு, 'வேற மாதிரி வாழ்க்கை கிடைச்சா தேவலை' என்று திருப்பிப் போட்டவையும் அதில் உண்டு. சின்னப் பிள்ளைகள் குழம்புவது இந்தத் திருப்பிப் போட்ட வாக்கியங்களில்தான். 'சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வின் மூன்றாம் சுற்று 2016 முதல் 2019 வரை, இந்தியா, இலங்கை உட்பட 35 நாடுகளில் நடந்தது. அதில் எட்டு வயதுக்காரர்களுக்கு எண்களுக்குப் பதில், சோகமுகம் முதல் சிரித்தமுகம் வரை படங்களைக் காட்டினார்கள். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கேள்வியை.

பெத்தவங்களுக்குத் தெரியாததா? எங்களைக் கேட்டா போதாதா?

போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒரு அம்மாதான்.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். 2007-ல் யுனிசெஃப் 21 பணக்கார நாடுகளில் பிள்ளைகளின் நிலையை ஒப்பிட்டது. நெதர்லாந்து முதலிடம், பிரிட்டன் கடைசி. நாடே பதறியது. பிறகு பிரிட்டன், ஸ்பெயின், ஸ்வீடன் மூன்றிலும் பிள்ளைகளிடமே போய்ப் பேசி, 2011-ல் ஓர் அறிக்கை வந்தது. மூன்று நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: வீட்டாரோடு நேரம், நண்பர்கள், வெளியே போய் விளையாட ஏதாவது. பிரிட்டனில் பெற்றோர் வேலையில் களைத்துப் போய், கொடுக்க முடியாத நேரத்துக்கு ஈடாகப் பொருள் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அதைக் கேட்கவே இல்லை.

அப்போ காசு முக்கியமில்லைங்கறீங்களா? ஃபீஸ் கட்டறவனுக்குத்தான் தெரியும். (ஆட்டோ ஓட்டும் அப்பா)

அப்படிச் சொல்ல மாட்டேன் அண்ணா. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், எது இல்லாவிட்டால் கஷ்டம் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பட்டியல் போட்டார்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு, கூடப் படிப்பவர்கள் மாதிரி ஒரு உடுப்பு, குடும்பத்தோடு ஒரு பயணம். எதுவும் ஆடம்பரமில்லை. இவை நிறைய இல்லாத பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக்குக் குறைவான மதிப்பெண்தான் போட்டார்கள். நிறைய வேண்டும் என்பதல்ல, தான் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்பது அவர்கள் கவலை. பள்ளி டூர் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வருகிற பையன்களை எனக்குத் தெரியும்.

பத்து வயசுல துள்ளின பிள்ளைங்க பதினாலுல சுருங்கிடறாங்க. எல்லாம் போன்தானே மேடம்? (ஆசிரியர், திருவாரூர்)

முழுக்க இல்லை சார். 11, 13, 15 வயதினரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நடக்கும் ஆய்வில், கைக்கு ஒரு போன் வருவதற்கு முன்பே இந்தச் சரிவு தெரிந்தது. பெண் பிள்ளைகளிடம் கூடுதல்.

நல்லா இருக்கிறதுன்னா என்னன்னுதான் பிள்ளைங்க சொல்றாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 8 முதல் 15 வயது வரையுள்ளவர்களிடம் ஆற அமரப் பேசிப் பார்த்தார்கள். மூன்று விஷயம் மேலே வந்தது. தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருப்பது, பயமில்லாமல் இருப்பது, 'நான் பரவாயில்லை, நல்ல பிள்ளைதான்' என்ற நினைப்பு. இன்னொன்றும் சொன்னார்கள்: வருத்தமே இல்லாமல் இருப்பதல்ல நலம், வருத்தம் வந்தால் சமாளிக்க முடிவதும் அதில் சேர்த்தி. பெரியவர்கள் போடும் பட்டியலில் இதை நான் பார்த்ததே இல்லை. நாம் எழுதினால் மார்க், எடை, உயரம், எதிர்காலம் என்று போகும். பிள்ளை பேசுவது இன்றைக்கு நடப்பதை.

வீட்ல எப்படிக் கேக்கறது? 'இன்னிக்கு ஸ்கூல் எப்படி'ன்னா 'ம்'தான் பதில்.

பிள்ளையிடம் அதைப் பற்றியே நேராகக் கேட்காதீர்கள். 'உன் வயசுல நம்ம தெருவுல நல்லா இருக்கிற ஒரு பிள்ளையை வரை, நல்லா இல்லாத ஒரு பிள்ளையையும் வரை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். வரைந்து முடித்ததும் கதை தானாக வரும். ஆந்திராவில் 'யங் லைவ்ஸ்' ஆய்வுக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கதவு வரைந்து, அதில் கதவைவிடப் பெரிசாக ஒரு தாழ்ப்பாள் வரைந்தாள். பள்ளிக் கழிப்பறைக் கதவாம். அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிற பள்ளியில் படிக்கிற பிள்ளைதான் நல்லா இருக்கிற பிள்ளை. நான் கொண்டுபோன பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாளில் கழிப்பறை என்ற சொல்லே கிடையாது.

அக்கா, எனக்கு 13. எங்க வீட்ல யாரும் இப்படிக் கேட்டதில்ல. நானா சொல்லலாமா?

சொல்லலாம் கண்ணு. முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்வது கஷ்டம். அம்மா துணி மடிக்கும்போது பக்கத்தில் நின்று நீயும் மடித்துக்கொண்டே ஆரம்பி. ஒரே ஒரு விஷயத்தைச் சொல், எல்லாவற்றையும் வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாத விஷயமாக இருந்தால், யாரையாவது நினைத்துப் பயமாக இருந்தால், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் அடி. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.