ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்ட் நாயைக் குழந்தைகளும் பூனையும் உள்ள வீட்டில் வளர்க்க முடியுமா? ஓடுவதற்குப் பெரிய இடம் வேண்டாமா?

இடத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். கிரேஹவுண்ட் குறுந்தூர ஓட்டக்காரன். பந்தயம் பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்; மீதி நேரமெல்லாம் படுக்கைதான். தினமும் இரண்டு வேளை, இருபது முப்பது நிமிட நடை போதும். அடுக்குமாடி வீட்டிலும் தாராளமாக வளர்க்கலாம்.

யோசிக்க வேண்டியது வேறு. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பந்தயத்தை விட்டு வரும் நாய் இது. அதுவரை கென்னல் எனும் நாய்க்கூடம், பயிற்சித் திடல், வண்டி, ஓடுபாதை தவிர வேறெதையும் அதிகம் பார்த்திருக்காது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை, டிவி எல்லாமே புதுசு. முதல் மாதத் தொல்லைகளில் பெரும்பகுதி இதனால் வருவதுதான். வளர்ந்த நாய் என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

பிரிட்டனில் கிரேஹவுண்ட் டிரஸ்ட் 1975 முதல் இந்த நாய்களுக்கு வீடு தேடித் தருகிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் பந்தய அமைப்புகளே தத்துத் திட்டம் நடத்துகின்றன. அமெரிக்காவில் நிலைமை மாறிவிட்டது. 2018 வாக்கெடுப்பின்படி புளோரிடாவில் 2020 இறுதியோடு பந்தயம் நின்றது. இப்போது அங்கே வரத்து குறைவு, காத்திருப்பு அதிகம். அமெரிக்க நாய் என்றால் வயதைக் காதிலேயே பார்த்துக்கொள்ளலாம். வலக்காதில் பச்சை குத்திய எண்ணில் முதலில் பிறந்த மாதம், அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பதற்கான எழுத்து இருக்கும்.

முதல் நாளே கையில் இருக்க வேண்டியது மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டை. இந்த நாய்க்குத் தலையைவிடக் கழுத்து பருமன். சாதாரணப் பட்டையைப் போட்டால், பயந்து பின்னால் இழுக்கும்போது தலை சுலபமாக உருவி வந்துவிடும். மார்ட்டிங்கேல் இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். அதைக் கழுத்தின் அடியில் தொங்கவிடாமல், காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேற்பகுதியில் மாட்டுங்கள். முழுதாக இறுகிய நிலையிலும் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள வளையங்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முட்டினால் பட்டை பெரிது. தானே நீண்டு சுருங்கும் வகை வார் வேண்டவே வேண்டாம். சில பாய்ச்சல்களிலேயே மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தொடும் நாய், எட்டு மீட்டர் ஓடி வாரின் முனையில் சடாரென நிற்கும்போது அதன் கழுத்துக்கும் ஆபத்து, உங்கள் விரல்களுக்கும் ஆபத்து. வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்து விடாதீர்கள். கூப்பிட்டால் வரப் பழகிய நாயும்கூட, ஓடும் முயலைக் கண்டபின் உங்கள் குரலைக் காதில் வாங்காது.

மூத்திரப் பழக்கம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும். கென்னலில் நேரம் வைத்து வெளியே விட்டுப் பழகிய நாய் இது, படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய அதற்கும் பிடிக்காது. வீடு முழுவதும் தன் படுக்கையிடம்தான் என்று புரியவைப்பதே வேலை. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இரவு படுக்குமுன்னும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். முதல் வாரம் வீடு முழுக்கத் திறந்துவிடாமல் ஓரிரு அறையோடு நிறுத்துங்கள். வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் திட்டாமல் என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். வாசனை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

தனிமைதான் நிஜமான சோதனை. கென்னலில் சுற்றிலும் எப்போதும் நாய்கள் இருந்திருக்கும். பலர் ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் எட்டு மணி நேரம் தனியே விட்டுப்போகிறார்கள். பதற்றத்தில் நாய் கதவுச் சட்டத்தையே கடித்துக் குதறிவிடுகிறது. முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். அறையை விட்டு அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு வாசல்வரை போய்வருவது என்று. கேமரா வைத்துப் பாருங்கள். மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், ஊளை தெரிந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த இனம் பொதுவாகச் சாது. குதித்து ஏறாது, அதிகம் குரைக்காது. ஆனால் தூக்கத்தில் திடுக்கிடும் வழக்கம் பல நாய்களுக்கு உண்டு. தூங்கும்போது யாரும் வந்து தொட்டுப் பழக்கமில்லை. தொட்டால் விழிப்பதற்குள் பல் வந்துவிடும். போதாதற்குச் சில நாய்கள் கண் திறந்தபடியே தூங்கும், விழித்திருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். ஆகவே நாயின் படுக்கைக்குக் குழந்தை போகக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலை தூக்கிய பிறகுதான் தொடலாம். நடக்கத் தொடங்கும் வயதுக் குழந்தை இருந்தால் தடுப்புக் கதவு கட்டாயம். உறுமினால் அடக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கும்.

பூனை இருக்கிறது என்பதைத் தத்து தருபவர்களிடம் முதலிலேயே சொல்லி, பூனையோடு சோதித்த நாயைக் கேளுங்கள். எல்லா கிரேஹவுண்டும் பூனையோடு ஒத்துப்போகும் என்றில்லை, எல்லாமே ஒத்துப்போகாதவையும் அல்ல. அறிமுகத்தின்போது நாய்க்குக் கூடை வடிவ வாய்மூடியும் வாரும் இருக்கட்டும். பல நாய்கள் வாய்மூடிக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், கொடுமை என்று நினைக்க வேண்டாம். பூனை விலகி மேலே ஏற வழி இருக்க வேண்டும். நாய் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் நம்பிக்கை உண்டு. உடம்பு விறைத்து, காதுகள் நிமிர்ந்து, கண் இமைக்காமல், நடுங்கிக்கொண்டு, மூக்கருகே நீட்டும் தின்பண்டத்தையும் கவனிக்கவில்லை என்றால் அந்த நாய் அந்த வீட்டுக்குச் சரிப்படாது. வீட்டுக்குள் பூனையோடு ஒரே சோபாவில் படுக்கும் நாயும், தோட்டத்தில் அதே பூனை ஓடினால் துரத்தலாம். வெளியே இரண்டையும் சேர்த்து விடாதீர்கள்.

மாடிப்படிக்கு ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டி, கீழ் இரண்டு மூன்று படிகளிலிருந்து தொடங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விபத்து, மேலிருந்து ஒரே தாவாகத் தாவிவிடும்.

தீனியை ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம். நாளைக்கு இரண்டு வேளை. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். கடைசி ஓரிரு விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் சரியான உடம்பு. அக்கம்பக்கத்தார் "பட்டினி போடுகிறீர்களா" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

கால்நடை மருத்துவரிடம் போகும்போது, கிரேஹவுண்ட் நாய்களைப் பார்த்துப் பழகியவரா என்று கேட்டுவிடுங்கள். இவற்றின் ரத்த அளவுகள் மற்ற நாய்களைப் போல இருக்காது. சிவப்பணு விகிதம் அதிகம், தட்டணுக்கள் குறைவு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் சற்று அதிகம், தைராய்டு அளவு குறைவு. இது தெரியாததால், நல்ல ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடுவது உண்டு. தயோபென்டால் வகை மயக்க மருந்து கூடாது. உடம்பில் கொழுப்பு குறைவு, கல்லீரலும் அதை மெதுவாகத்தான் சிதைக்கும் என்பதால் மயக்கம் தெளிய ரொம்ப நேரமாகும். இன்னொன்று, அறுவை முடிந்து நன்றாக வீடு திரும்பிய நாய்க்கு ஓரிரு நாள் கழித்து ரத்தம் கசியலாம். பல் பிடுங்கினாலும் இதே கதைதான், பந்தய நாய்களுக்குப் பல் பெரும்பாலும் மோசமாக இருப்பதால் அந்தத் தேவையும் வரும். ரத்தக் கசிவைத் தடுக்கும் டிரனெக்சாமிக் அமிலம் போன்ற மருந்து வேண்டுமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

நொண்டலை அலட்சியப்படுத்த வேண்டாம். புல்தரையில் ஒழுங்காக நடந்து சிமென்ட் தரையில் மட்டும் நொண்டினால், பாதத்தின் அடியில் கால் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்த இனத்துக்கு அது சகஜம். ஆணியும் இல்லை, காயமும் இல்லை, நொண்டல் மட்டும் போகவில்லை, நாய்க்கும் வயதாகிவிட்டது என்றால் வலி மாத்திரையோடு காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்புப் புற்று இந்த இனத்தில் அதிகம்.