ஒன்றரை அங்குலம் போதும்

கேள்வி: என்னுடையது இருபது வருடப் பழைய பெரிய எஸ்யூவி. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி), பின்னால் காயில் ஸ்பிரிங். அதிகச் செலவில்லாமல் கொஞ்சம் உயர்த்த முடியுமா?

பதில்: முதலில் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடி பகுதி) விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இந்த வயது வண்டியில் பின் ஸ்பிரிங் தளர்ந்து இறங்கியிருக்கும். புதிதாக மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, டார்ஷன் பார் போல்ட்டைத் திருகி ஒன்றரை அங்குலம் ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை மூன்று அங்குலம் ஏற்றினேன். சில மாதத்தில் சிவி பூட் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டை கிரீஸோடு மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. மிச்சப் பணத்தில் நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள். அப்புறம், வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.