கல்வீட்டுச் சுவரும் கள்ளிக்கோட்டை ஓடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வேலணை): அப்பு கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு. சுவரின் அடியில் மூன்றடிக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தது. போன வருசம் அதைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினோம். இந்த மாரியோடு அதுவும் பாளம் பாளமாகக் கழன்று வருகிறது. உப்பு இப்போது நாலரை அடிக்கு ஏறிவிட்டது. சாந்தில் சீமெந்து காணாது என்கிறார் மேசன்.

பதில்: சீமெந்து குறைந்ததால் அல்ல, சீமெந்து போட்டதுதான் பிழை. அந்தக் காலத்துக் கல்வீட்டு அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளாலும் சாந்துக்குள்ளாலும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றுக்கு விட்டுவிடும். நீங்கள் பூசிய சீமெந்து அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் அடைப்பைத் தாண்டி மேலே போய்த்தான் காய்கிறது. பூச்சுக்குப் பின்னால் தங்கும் உப்பு பளிங்காகி, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது.

முதலில் வெளியே போய் முற்றத்தைப் பாருங்கள். சுவரோடு மண் உயர்ந்திருந்தாலோ, சுற்றிவர சீமெந்து நிலம் போட்டிருந்தாலோ, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்தாலோ, உள்ளே என்ன பூசினாலும் வீண். மண்ணை வீட்டு நிலமட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இறக்குங்கள்.

பிறகு ஈரத்தழும்புக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும். பெரிய சுத்தியலால் அடித்தால் கல்லின் முகமும் சேர்ந்து பெயரும். கற்களுக்கிடையில் உதிர்ந்த சாந்தை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி, வளவுக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். இந்த வேலையைத் தையில் தொடங்கி, ஆனி வரை சுவரை வெறுங்கல்லாகக் காய விடுங்கள். பார்க்க வடிவில்லைத்தான், ஆனால் இந்தப் பொறுமைதான் பாதி வேலை.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு. நீற்றும்போது தண்ணீருக்குள் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் றப்பர் கையுறையும் கட்டாயம். நீற்றியதை வலையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி இரண்டு கிழமையாவது வையுங்கள். அவசரப்பட்டால் நீறாத மணிகள் பூசிய பின் நீறி, சுவரில் அம்மைத் தழும்புபோலப் பொக்கென்று வெடிக்கும்.

சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றாதீர்கள். பெருவிரல் நகம் பதியாத பதம் வந்த பிறகுதான் இரண்டாவது பூச்சு. ஒரு கிழமைக்கு ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கவேண்டும். கடைக்காரர் தரும் 'ஈரம் புகாத' பெயின்ற் அடித்தால் பழைய கதைதான்.

கேள்வி (ஊர்காவற்றுறை): வளவுக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் சாந்து குழைக்கலாமா?

பதில்: வேண்டாம். மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்துக் குழையுங்கள். கடல் மணலும் ஆகாது. வாங்கும் மணலில் சந்தேகம் இருந்தால் ஒரு சிரட்டை மணலை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளிந்ததை வடித்துக் கறுப்புத் தட்டில் வெயிலில் காய வையுங்கள். அதேயளவு வெறும் நல்ல தண்ணீரை இன்னொரு தட்டில் காய வைத்து ஒப்பிடுங்கள். மணல் தட்டில் வெள்ளை கூடப் படிந்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (உடுவில்): நாற்சார் வீடு. நடுமுற்றத்து மூலைகளில் மட்டும் ஒழுகுகிறது. மூன்று முறை ஓடு மாற்றியாயிற்று.

பதில்: ஓட்டில் குற்றமில்லை. இரண்டு கூரைகள் கூடும் அந்த உள்மூலையில், ஓட்டுக்கு அடியில் கிடக்கும் தகரப் பீலிதான் துருப்பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு வரிசை ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். சருகும் பல்லி முட்டையும் சேர்ந்து தண்ணீர் பக்கவாட்டில் வழிவதையும் காணலாம். துளை விழுந்த தகரத்துக்குத் தார் பூசினாலும் சீமெந்து அப்பினாலும் அடுத்த வெயிலில் வெடித்துவிடும்.

புது அலுமினியத் தகடு போடுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்பது அங்குலம் இருக்கட்டும். இரண்டு விளிம்பையும் அரை அங்குலம் மேலே மடித்துவிடுங்கள்; ஒழுக்கை நிறுத்துவது அந்த மடிப்புத்தான். ஒரு தகட்டோடு இன்னொன்றைப் பொருத்தினால், மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஆறு அங்குலம் ஏறவேண்டும். தண்ணீர் ஓடும் நடுப்பகுதியில் ஆணி அடிக்கவே கூடாது.

ஓடு வாங்கும்போது பழைய ஓட்டைத் திருப்பி, அடியில் உள்ள கம்பனி முத்திரையைப் பாருங்கள். கள்ளிக்கோட்டை ஓடு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அச்சுக்கு அச்சு பூட்டுவாய் பொருந்தாது. வீடு இடிப்பவர்களிடம் அதே முத்திரை கிடைத்தால் நூறு ஓடு கூடவே வாங்கி வையுங்கள்.

கேள்வி (கரவெட்டி): கூரையைத் தாங்கும் பனங்கைமரங்களில் கறையான். எல்லாவற்றையும் கழற்றி இரும்பு போடச் சொல்கிறார்கள்.

பதில்: ஒவ்வொரு மரத்தையும் ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். கறையான் முதலில் தின்பது உட்பக்கத்து வெளிறிய சோற்றியைத்தான். கறுப்பு வயிரம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இறுக்கமாக நின்றால் சோற்றியைச் செதுக்கிவிட்டு வைத்திருக்கலாம். கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனைதான். கூரைக்கு முட்டுக் கொடுத்து, கெட்டதை வெட்டி, இரண்டு பக்கமும் வயிரப் பலகை வைத்து 12 மில்லிமீற்றர் போல்ற்றால் இறுக்குங்கள். பலகை நல்ல மரத்தின்மேல் இரண்டடியாவது ஓடவேண்டும். சுவருக்குள் முனையைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். பனைவயிரத்தில் ஆணி நேரே இறங்காது, வெடிக்கும். முதலில் ட்றில்லால் துளையிடுங்கள்.

நிலத்தில் கறையான் மருந்து ஊற்றுமுன் கிணற்றை நினையுங்கள். யாழ்ப்பாணத்து நிலத்தடி வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புப் பாறை. ஊற்றியது வடிகட்டப்படாமல் உங்கள் கிணற்றுக்கும் அயல் கிணற்றுக்கும் போகும். புற்றைத் தோண்டி, மண்குழாயை உடைத்து, ஒவ்வொரு கிழமையும் பாருங்கள். புதுமரம் வேண்டி பெண்பனை தறிப்பதென்றால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி): பின் விறாந்தையின் அஸ்பெஸ்டஸ் சீற்றை நாங்களே கழற்றலாமா?

பதில்: உடையாமல் முழுசாக இறக்க முடிந்தால் மட்டும். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஆணியைக் கழற்றுங்கள், வாளால் அறுக்கவோ தும்புத்தடியால் கூட்டவோ வேண்டாம். துணி முகமூடி இந்தத் தூசியை மறிக்காது. சீற்றின்மேல் ஏறவே கூடாது, கால் உள்ளே போகும்.

கேள்வி (கோப்பாய்): சுவரடியைத் தோண்டியபோது துருப்பிடித்த இரும்பு உருளை ஒன்று தெரிகிறது.

பதில்: அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். அலவாங்கை அங்கேயே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, எல்லோரையும் வளவுக்கு வெளியே அனுப்பி 119க்கு அழையுங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம். மிச்ச வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி (ரொறன்ரோ): ஆவணியில் ஒரு மாதம் கொழும்புத்துறை வீட்டுக்கு வருகிறோம். எதில் தொடங்குவது?

பதில்: ஒரு மாதத்தில் கூரையும் பீலியும்தான் முடியும். நிலத்துக்கு மாபிள் போடும் யோசனையை விடுங்கள். பழைய சிவப்புச் சீமெந்தை மெழுகிட்டுத் தேய்த்தாலே மினுங்கும். மாரி தொடங்க முன் ஓட்டு வேலை முடியவேண்டும். நேரம் மிஞ்சினால் ஈரமோ உப்போ இல்லாத ஒரு அறைச் சுவர் பூசலாம். அதற்கு விமானம் ஏற இரண்டு கிழமைக்கு முன்னரே சுண்ணாம்பை நீற்றிப் போடும்படி ஊரில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.